அத்தியாயம் 7: திரையை விரலுக்குப் பழக்குதல்

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஏனாத்தூரில் பெரியவர்களின் போன் பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதில்லை. பேரன் கையில் இருக்கும், பக்கத்து வீட்டுப் பெண் கையில் இருக்கும், இல்லாவிட்டால் இ-சேவை மையத்துப் பையன் கையில். சங்கரா பல்கலைக்கழகமும் கலைக் கல்லூரியும் இங்கேயே இருப்பதால் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. "குடுங்க தாத்தா" என்று வாங்கி, நாலு தட்டு தட்டி, "முடிஞ்சிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்துவிடுகிறது, உண்மைதான். என்ன நடந்தது என்று தாத்தாவுக்குத் தெரியாது. அடுத்த மாதமும் அதே பிள்ளையைத் தேட வேண்டும். தேடிப் பிடித்து ஓடிபி சொல்லி, பின் நம்பரும் சொல்லி, பாஸ்புக்கையும் கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

இந்த அத்தியாயம் அந்தப் பிள்ளைகளுக்காக எழுதியது. இதில் விதி ஒன்றுதான்: போன் பெரியவர் கையை விட்டு வரக் கூடாது. கீழே வருகிற ஏற்பாடுகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றத்தான். "அவங்களுக்கு வயசாயிடுச்சு, வராது" என்று சொல்லிவிடுவது சுலபம். கோர்வை போட்டு, கரைக்கு ஒரு நிறம் உடலுக்கு ஒரு நிறம் என்று பட்டுச் சேலை நெய்த கைக்கு, பச்சைப் பட்டனை அமுக்குவது புரியாத வித்தை ஆகாது. அந்தப் பட்டனை வைத்த இடமும் வைத்த விதமும்தான் தகராறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 8.6 தான். ஆக, இது நம் மாநிலத்துக்குச் சற்று அவசரமான விஷயமும்கூட.

கண்ணுக்கு

அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளடித்துவிடுகிறது. மஞ்சளடித்த லென்ஸில் முதலில் அடிபடுவது நீலம். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கருநீலமா கறுப்பா என்று சந்தேகம் வந்தால் நூலை வாசலுக்கு எடுத்துவந்து பார்ப்பார்கள்.

எனவே எழுத்தின் அளவைத் தொடுவதற்கு முன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று குறைத்து வைத்திருப்பார்கள். சார்ஜரைக் கூடத்திலேயே, அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

அடுத்தது எழுத்து. இங்கேதான் பலரும் ஆர்வக் கோளாறில் அளவைக் கடைசிவரை இழுத்து விட்டுவிடுவார்கள். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை இரு மடங்குவரை பெரிதாக்கலாம். ஆனால் எல்லா ஆப்பும் அதற்குத் தயாராக எழுதப்பட்டதில்லை. எழுத்து பெருத்தால் பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தள்ளிப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. ‘எழுத்து அளவு’ இரண்டு படி, ‘டிஸ்ப்ளே அளவு’ ஒரு படி, கூடவே ‘தடித்த எழுத்து’ என்று தொடங்குங்கள். பிறகு அவர் அன்றாடம் திறக்கும் ஒவ்வொரு ஆப்பையும் திறந்து, முக்கியமான பட்டன் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

தடித்த எழுத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மெல்லிய எழுத்துருவில், வெளிறிய சாம்பல் நிறத்தில் தமிழ் வரும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். இளம் கண் முன்பின் பார்த்து ஊகித்துப் படித்துவிடும், அதனால் வடிவமைத்தவருக்கு இந்தக் குறையே தெரிவதில்லை. இணையத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற நெறி. தமிழுக்கு இன்னும் கூடுதலாக வைத்தால் தப்பில்லை. வரிகளுக்கு இடையிலும் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் ‘கு’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா? கண்புரை தொடங்கி, வெளிச்சம் பட்டால் கூசுகிறவர்களுக்கு நல்லது. சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அதில் எழுத்து கலங்கித் தெரியும். இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். ஆனால் "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் மனம் கோணக் கூடாதே என்று "நல்லாத்தாம்பா இருக்கு" என்பார்கள். ஒரு வரியைக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எதில் தடங்கலில்லாமல் படிக்கிறாரோ அதுவே சரி.

இ-சேவை மையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானிட்டரை சிபியூ பெட்டியின் மேல் தூக்கி வைக்காதீர்கள். இரட்டைக் கண்ணாடி போட்டவருக்குப் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. உயரத்தில் இருக்கும் திரையைப் படிக்க அவர் கழுத்தை அண்ணாந்து தாடையைத் தூக்க வேண்டும். பத்து நிமிடம் அப்படி நின்றால் விண்ணப்பத்தில் இருப்பது சரியா என்று பார்க்க மாட்டார், "சரி, போடுப்பா" என்றுவிடுவார். அப்புறம் பெயர்ப் பிழையைத் திருத்த இரண்டு முறை அலைவது அவர்தான்.

விரலுக்கு

பழைய பட்டன் போனை ஊன்றி அமுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு தொடுதிரைக்கு வந்தவர்கள் ஊன்றித்தான் அமுக்குவார்கள். எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் வாட்ஸ்அப் படத்தின் மேல் விரலை வைத்தார், அழுத்தினார், எடுக்கவில்லை. படம் நடுங்கியது, மேலே ‘நீக்கு’ என்று ஒரு வார்த்தை வந்தது. அவர் பயந்து விரலை இழுத்தார். படமும் விரலோடு போய் அந்த வார்த்தையின் மேல் விழுந்தது.

"வாட்ஸ்அப்பு எங்கயோ போயிடுச்சுப்பா."

"எங்கயும் போகல பெரிம்மா, உள்ளதான் இருக்கு. நீங்களே எடுத்து வெளிய வைங்க."

அவர் எடுத்து வைத்தார். இந்த விபத்தைத் தடுக்க மூன்று வேலை இருக்கிறது. ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் ‘தொட்டுப் பிடிக்கும் நேரம்’ என்று ஒன்று உண்டு, அதை நீளமாக்குங்கள். முகப்புத் திரையில் படங்களின் இடத்தைப் பூட்டும் வசதி பல போன்களில் இருக்கிறது, பூட்டிவிடுங்கள். மூன்றாவது மிக முக்கியம்: திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்துப் பின்னால் போகும் முறையை மாற்றி, கீழே மூன்று பட்டன் தெரியும் பழைய முறைக்குக் கொண்டுவாருங்கள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து அந்த மூன்று பட்டனும் மெல்ல மெல்ல மறைந்தன. கண்ணில் படாத ஒரு சைகையை எழுபது வயதில் மனப்பாடம் செய்யச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டன் கண்ணில் பட்டால் போதும், வழி தவறினாலும் வீடு திரும்பிவிடுவார்கள்.

தொட்டும் திரை அசையவில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். தொடுதிரை வேலை செய்வது விரலின் ஈரத்தாலும் அதன் வழியே ஓடும் மின்னேற்றத்தாலும்தான். வயதானால் தோல் உலரும். நாற்பது ஐம்பது வருடம் நூலையும் ஜரிகையையும் பிடித்த விரல் காய்த்துமிருக்கும். நகம் படும்படி நுனியால் தொடாமல் விரலின் சதைப் பகுதியால் தொடச் சொல்லுங்கள். ஈரத் துணியில் விரலை ஒற்றிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். திரைமேல் ஒட்டிய கண்ணாடித் தகடு தடிமனாக இருந்தால் மாற்றுங்கள். ‘டச் சென்சிடிவிட்டி’ என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தறியோடு பழகியவர்களிடம் மட்டும் நான் கவனித்தது. நாடா ஓடினால் சத்தம் வருகிறது, மிதியை மிதித்தால் காலுக்குப் பாரம் தெரிகிறது. வேலை நடந்ததா இல்லையா என்பதைத் தறியே சொல்லிவிடும். கண்ணாடித் திரை ஒன்றும் சொல்வதில்லை. அதனால் மறுபடி தொடுகிறார்கள், மூன்றாம் முறையும் தொடுகிறார்கள், ஒரே ஆளுக்கு மூன்று முறை போன் போகிறது. நாம் எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்து வைக்கும் தொடு ஒலியையும் அதிர்வையும் அவர்கள் போனில் போட்டுவிடுங்கள்.

ஜப்பானில் இதை இன்னும் ஆழமாக யோசித்தார்கள். என்டிடி டோகோமோ நிறுவனம் 1999-லேயே பெரியவர்களுக்கென்று ‘ராகு ராகு’ என்ற போன் வரிசையைத் தொடங்கியது. 2012-இல் அதன் தொடுதிரை வடிவம் வந்தபோது, தொடுவதையும் அமுக்குவதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். விரல் பட்டால் பட்டனின் நிறம் மாறும், அவ்வளவுதான். ஊன்றி அமுக்கினால்தான் வேலை நடக்கும், கையில் அதிர்வும் தெரியும். அதாவது எங்கள் பெரியம்மா செய்ததே அந்தப் போனில் சரியான முறை. நம் கடைகளில் அப்படி ஒன்று கிடைப்பதில்லை. சாம்சங்கில் ‘ஈஸி மோட்’, வேறு சில கம்பெனிகளில் ‘சிம்பிள் மோட்’, ஐபோனில் 2023-இல் வந்த ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ என்று இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். அவை படங்களைப் பெரிதாக்கும், எண்ணிக்கையைக் குறைக்கும். முகப்பில் ஆறு படங்களுக்கு மேல் வேண்டாம். ஆறாவதை அவரே கேட்கட்டும்.

நவம்பர் மாதம்

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு செல்லும். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு நேர்காணல் என்று தனி ஏற்பாடு. அதன் மாதக் கணக்கு வேறு. எது யாருக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காக ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை 2014 நவம்பர் 10-ஆம் தேதி தொடங்கியது. விரல்ரேகைக் கருவியில் விரல் வைக்க வேண்டும். தேய்ந்த ரேகைக்கு அது சோதனைதான். கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றும் பதியாமல் திரும்பியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சான்று தரும் வழி வந்தது. இது வந்த பிறகு தனிக் கருவி தேவையில்லை, ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போன் போதும். ஒருவர் ‘ஆபரேட்டர்’ ஆகத் தன் முகத்தை ஒரு முறை பதிந்துகொண்டால், அதே போனில் பலருக்கும் செய்து கொடுக்கலாம். கல்லூரிப் பிள்ளை ஒருவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் தெருவுக்கே முடித்துவிடலாம்.

ஆதார் முகப்பதிவு ஆப்பும் ஜீவன் பிரமாண் ஆப்பும், இரண்டும் வேண்டும். பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். பெரியவரிடம் ஆதார் எண், அதோடு இணைந்த போன், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டும். முகம் காட்டுவதைவிடக் கடினம் அதற்கு முன்னால் வருகிற பட்டியல்கள்: ஓய்வூதிய வகை, அனுமதித்த அலுவலகம், வழங்கும் வங்கி என்று நீளமான ஆங்கிலப் பெயர்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அப்போது ஒன்றும் ஆகாது, சான்று எண்ணும் வந்துவிடும். சில நாள் கழித்து நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். போன வருடத்துச் சான்று இருந்தால் வாங்கிப் பார்த்து அப்படியே நிரப்புங்கள். எண் வந்ததோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம், ஏற்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்லும்வரை உங்கள் பொறுப்பு.

முகப்பதிவுக்கு உட்கார வைக்கும் இடம் முக்கியம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவு வீடுகள் நீளமானவை, நடுவில் இருட்டு, இரு முனையில் வெளிச்சம். கூடத்தில் உட்கார்ந்தால் வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வரும், கேமராவில் முகம் கறுத்துவிடும். திண்ணையில், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். போனை நீங்கள் பிடிக்கலாம். மேலே சொன்ன விதிக்கு இது ஒன்று மட்டும் விலக்கு. திரை அவருக்குத் தெரியாது என்பதால் என்ன நடக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே இருங்கள்: "இப்ப நேரா பாருங்க, இப்ப மெதுவா கண்ணை மூடித் திறங்க." அவசரமாகச் சிமிட்டினால் ஏற்காது.

கண் சிமிட்டவே முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்? வங்கிகளின் அடையாளச் சரிபார்ப்பில் இதே சிக்கலைக் குறித்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்றது. வழக்கு முதியவர்களைப் பற்றியது இல்லாவிட்டாலும் பலன் அவர்களுக்கும்தான். வங்கியில் "ஆப்லதான் பண்ணணும்" என்று திருப்பி அனுப்பினால் இந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள்.

எழுந்து உட்கார முடியாமல் படுத்திருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கும் சேவையும் உண்டு. அஞ்சலகத்தில் சொல்லிவைக்க வேண்டும், ஒரு சிறு கட்டணம்.

பணத்துக்கு

கோயில் வாசலில் பூ விற்கும் ஆயாவுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, பணம் வந்தால் "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சத்தம் போடுகிறது. 2019 வாக்கில் பேடிஎம் இறக்கிய இந்தப் பெட்டியை இப்போது எல்லா கம்பெனியும் தருகிறது. படிக்கத் தேவையில்லை, தொடத் தேவையில்லை, போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றவும் முடியாது. பெரியவர்களுக்கென்று யாரும் வடிவமைக்காமலே பெரியவர்களுக்கு மிகச் சரியாக அமைந்த கருவி என்றால் இதைத்தான் சொல்வேன். அதில் திரையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வாங்குவதைவிடக் கொடுப்பதில்தான் பயம். சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை யுபிஐ-யோடு இணைக்காதீர்கள். சிறிய கணக்கு ஒன்றைத் தனியாக வைத்து அதை மட்டும் இணையுங்கள். ‘யுபிஐ லைட்’ என்ற வசதியில் பின் நம்பர் இல்லாமலே கொடுக்கலாம், ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000 ரூபாய் என்பது உச்ச வரம்பு. காய்கறிக்கும் மருந்துக்கும் அது போதும். தவறு நடந்தாலும் போவது அந்த அளவோடு நிற்கும்.

பட்டன் போனே போதும் என்பவரை இழுத்துத் தொடுதிரைக்குக் கொண்டுவர வேண்டாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ‘யுபிஐ 123பே’ என்பதைத் தொடங்கி வைத்தது. இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்தும், ஒரு எண்ணுக்குப் போன் செய்து குரல் சொல்கிறபடி பணம் அனுப்பலாம். நம்மில் பலருக்கு இது இருப்பதே தெரியாது.

பின் நம்பரைப் பற்றி ஒரே வாக்கியம் சொல்லிக் கொடுங்கள், போகும்போதெல்லாம் சொல்லுங்கள்: பணம் கொடுக்கத்தான் பின், வாங்குவதற்குப் பின் கிடையாது. கல்யாணப் பத்திரிகை என்றும் வங்கிச் செய்தி என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களைத் திறந்து பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு அறிவுரை உதவாது. ‘தெரியாத ஆப் நிறுவும் அனுமதி’ என்று செட்டிங்ஸில் இருப்பதில் வாட்ஸ்அப்பின் அனுமதியை எடுத்துவிடுங்கள், கதவே அடைபட்டுவிடும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் பெயர் போட்டுச் சேமித்துவையுங்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் பேச வேண்டும், மறுநாள் பேரன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம், ‘திட்டுவார்களே’ என்ற பயம். அதை முன்கூட்டியே போக்குவது உங்கள் வேலை.

எழுதுவதற்கு

தமிழ் விசைப்பலகையைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். தமிழ்99 அருமையான அமைப்பு, ஆனால் எழுத வேண்டியது "மாத்திரை தீர்ந்துடுச்சு" என்ற இரண்டு வார்த்தை. வாட்ஸ்அப்பில் மைக்கை அமுக்கிப் பேசினால் போயிற்று. எழுதித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்துப் பலகை இருக்கிறது. விரலால் திரையில் எழுதினால் அச்செழுத்தாக மாறிவிடும். பழைய எஸ்எஸ்எல்சி படித்தவர்கள் அதில் எழுதும் அழகைப் பார்க்க வேண்டும்!

ஆப் எழுதுபவர்களுக்கு

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஆப் எழுதும் பிள்ளைகள், ஏசி லேபில் இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பஸ் ஏறினால் காஞ்சிபுரம். ஓய்வுபெற்ற நெசவாளர்கள் ஐந்து பேரிடம் கொடுங்கள், வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே விரல் தயங்கி நிற்கிறதோ அங்கே உங்கள் பிழை இருக்கிறது.

பட்டன் ஒன்பது மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (dp) என்ற அளவு ஏறத்தாழ இதுதான். கை நடுங்குபவருக்கு அதுவும் போதாது. ‘அனுப்பு’ பட்டனையும் ‘ரத்து’ பட்டனையும் ஒட்டி வைக்காமல் நடுவில் இடம் விடுங்கள். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடியும் சொல் தமிழில் நீளும், பட்டனுக்குள் அடங்காமல் பாதியில் மூன்று புள்ளியோடு நிற்கும். முதலில் தமிழில் திரையை வரைந்துகொண்டு பிறகு ஆங்கிலத்தைப் போடுங்கள், இரண்டும் அடங்கும். மூன்று கோடு போட்ட படத்துக்கு ‘மெனு’ என்று அர்த்தம் என்பது பிறவியில் வரும் ஞானமில்லை. படத்துக்குக் கீழே பெயரை எழுதுங்கள்.

நேரம் தீர்ந்துவிட்டது என்று துரத்துவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஓடிபி வருகிறது, மேலே இரண்டு நொடி தெரிந்து மறைகிறது. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போய்விடும். அதைத் தேடிப் போனால் ஆப் மூடிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஓடிபி-யைப் போனே எடுத்து நிரப்பும்படி எழுதுங்கள். முடியாத இடத்தில் நேரத்தைக் கூட்டுங்கள், நிரப்பியதை அழிக்காமல் வையுங்கள். நினைவாற்றலைச் சோதிக்கும் புதிர்களை நுழைவாயிலில் வைக்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் வந்த உலக இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பே சொல்கிறது. கோணல்மாணலான எழுத்தைப் படித்து நிரப்பச் சொல்லும் பக்கங்கள் நம் ஊரில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பிழைச் செய்தியைத் திட்டுகிற தொனியில் எழுதாதீர்கள். சிவப்பில் ‘தவறான உள்ளீடு’ என்று வந்தால் போனையே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ‘போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது’ என்றால் எண்ணிப் பார்த்துத் திருத்துவார்கள்.

உட்காரும் இடம்

எதிரில் உட்காராதீர்கள், திரை உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும், கை தானாக நீளும். பக்கத்தில், நன்றாகக் கேட்கிற காதின் பக்கம் உட்காருங்கள். வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும், அதனால் கத்த வேண்டாம், குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். கை பரபரத்தால் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அது என்ன வேலை என்பதை அவர் சொல்லட்டும். நீங்கள் மின்கட்டணம் சொல்லிக் கொடுக்கப் போயிருப்பீர்கள், அவருக்குப் பெங்களூரில் இருக்கும் பெண்ணை வீடியோவில் பார்க்க வேண்டும். வீடியோவிலிருந்தே தொடங்குங்கள். மின்கட்டணம் தானாக வரும்.

நோட்டில் அவரே எழுதட்டும், அவருடைய வார்த்தையில். ‘பச்சைக் கட்டத்தில் போன் படம் போட்டது, அதைத் தொட்டால் வாட்ஸ்அப்பு’ என்று எழுதினால் திருத்தாதீர்கள். பின் நம்பர் மட்டும் அந்த நோட்டில் வேண்டாம்.

ஆப் புதுப்பிப்பு வந்து பட்டன்கள் இடம் மாறும்போது கற்றதெல்லாம் ஒரே இரவில் போய்விடும். பாதுகாப்புக்காகப் புதுப்பிப்பை நிறுத்தவும் முடியாது. மாதம் ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து, எது எங்கே நகர்ந்திருக்கிறது என்று அவரையே தேடச் சொல்லி, நோட்டிலும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். புதுப் போன் வாங்க வேண்டிவந்தால் அதே கம்பெனியில் வாங்குங்கள், முகப்பில் படங்களைப் பழைய வரிசையிலேயே அடுக்குங்கள். சலுகை கிடைக்கிறதே என்று பழைய போனை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் வீட்டில் இருக்கட்டும். சிம் புதியதில், வைஃபை பழையதில்.